கிராம்பைக் காணோம்

எங்கள் பீரில் கிராம்பு போடுவதில்லை. வாழைப்பழமும் போடுவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடையில் சைக்கிளில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்கள் ஒருவர் விடாமல் இதையே கேட்டு என் உயிரை வாங்குகிறார்கள். முளைகட்டிக் காயவைத்த கோதுமை பாதிக்கு மேல், மீதிக்கு அதேபோல் பார்லி, தண்ணீர், பேருக்குக் கொஞ்சம் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட். அவ்வளவுதான். இதற்கு மேல் எதையாவது போட்டால் பவேரியாவில் அதற்குப் பீர் என்று பெயர் கிடையாது. மணமெல்லாம் ஈஸ்ட் பார்க்கிற வேலை. தொட்டி சூடாக இருந்தால் வாழைப்பழம் தூக்கும், குளிர்ந்திருந்தால் கிராம்பு முன்னால் வரும். அந்தக் கிராம்பு வருவதற்கே, உடைத்த கோதுமையைத் தண்ணீரில் கரைக்கும்போது கை பொறுக்கும் சூட்டில் கொஞ்ச நேரம் விட்டுவைக்க வேண்டும். இரண்டு மணமும் சண்டை போடாமல் நிற்க வேண்டும். குடித்தால் சுள்ளென்று இறங்கி, வாயைத் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக முடிய வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். பீர் காய்ச்சுவது என் தொழில், எனக்கு முன்னால் என் அப்பாவின் தொழில். தெரிந்து என்ன பயன்? இந்த வருடம் குளிர்காலம் முழுக்க என்னைப் பைத்தியமாக ஆக்கிவிட்டார்கள்.

ஆரம்பித்தது ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாளன்று. எங்கள் காய்ச்சுக்கூடத்தை ஒட்டி உணவகம், உணவகத்தில் கணப்படுப்பை ஒட்டி ஒரு வட்ட மேசை. அந்த மேசையில் கண்டவர்களும் உட்கார முடியாது. வாடிக்கைக்காரர்களுக்கு மட்டும்தான். அதிலும் ஓட்மார் உட்கார்ந்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். ஓட்மார் என் அப்பாவின் சிநேகிதர். சந்தைத் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். கண்ணை மூடிக்கொண்டு எந்த மருந்தையும் மோந்தே சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. புதிதாகக் காய்ச்சிய பீரின் முதல் மடக்கு அவருக்குத்தான். அவர் வாயைத் திறக்கும்வரை மேசையில் ஒருவரும் கிளாஸைத் தொட மாட்டார்கள். "ஓட்மார் மூக்கைக் கேட்டுட்டு லேபிளை ஒட்டு" என்பார் அப்பா. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மூக்கை மகளான என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு அவர் கிளாஸைச் சாய்த்துப் பார்த்தார், மூக்கை உள்ளே விட்டார், ஒரு மடக்கு குடித்தார்.

"கிராம்பைக் காணோம்" என்றார்.

"இருக்கே மாமா. காலையிலகூட நான் பார்த்தேனே."

"உன் மூக்கு எப்பப் பார்த்தாலும் தொட்டிக்குள்ளேயே கிடக்கு. அதுக்கு என்ன தெரியும்? வாழைப்பழமும் இல்ல. புளிச்ச தண்ணி மாதிரி இருக்கு."

மேசை முழுவதும் கிளாஸை எடுத்தது. கசாப்புக்கடை இக்னாஸ் உதட்டைப் பிதுக்கினான். "ஆமாப்பா, என்னவோ குறையுது" என்றான். அவன் பக்கத்தில் இருந்தவன் "குறையுதுன்னா? சுத்தமா இல்லைங்கறேன்" என்றான். குடிக்காமல் யாரும் வைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

வேறு ஒரு வருடமாக இருந்தால் நானும் தோளைக் குலுக்கிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் இந்த ஜூனில் எங்கள் ஊர்த் தீயணைப்புப் படைக்கு நூற்றைம்பதாவது ஆண்டு விழா. பெரிய கூடாரம் போட்டு, சுற்றுவட்டாரத்துப் படைகள் எல்லாம் வாத்தியத்தோடு வந்து, நாள் கணக்கில் குடிப்பார்கள். அந்தக் கூடாரத்தில் யாருடைய பீர் ஓடும் என்பதுதான் கேள்வி. நகரத்திலிருந்து ஒரு பெரிய கம்பெனி பெஞ்சு, குடை, கூடாரம் எல்லாம் இலவசம் என்று வாலாட்டிக்கொண்டிருந்தது. எனக்கோ போன வருட வியாபாரம் படுத்துவிட்டது. விழா கைவிட்டுப் போனால் இலையுதிர்காலத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டியதுதான். படைத் தலைவன் காஸ்பரும் அதே மேசைக்காரன். அவன் என் தோளைத் தட்டி, "பயப்படாத சென்ஸி, நம்ம ஊரு பீருதான் எங்களுக்கு வேணும். ஓட்மார் சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டார்னா போதும்" என்றான்.

ஒரு வார்த்தை. அதற்காக நான் பட்ட பாடு இருக்கிறதே!

கோதுமை அனுப்புகிறவனைப் போனில் கிழித்தேன். பாவம், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. தொட்டிகளைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவினேன். அப்பா காலத்திலிருந்து ஒன்றிலிருந்து ஒன்றாக எடுத்து வளர்த்த ஈஸ்டைக் கொட்டிவிட்டு, பக்கத்து ஊர்க் காய்ச்சுக்கூடத்தில் பால் கேனை நீட்டிக் கடன் வாங்கிவந்தேன். எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். ஆனால் கேனைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்த ஆள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு உடம்பு கூசியது. அடுத்த தடவை காய்ச்சியதில் கிராம்பு நன்றாக முன்னால் வந்தது, எனக்கு. ஓட்மாருக்கு வரவில்லை. "காணோம்" என்றார். மேசையும் "காணோம்" என்றது.

அன்றைக்குக் காஸ்பர் சமையலறைப் பக்கம் வந்து, யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு, "ஏன் சென்ஸி, ஒரு கைப்பிடி கிராம்பையே வாங்கிப் போட்டுட்டா என்ன?" என்று கிசுகிசுத்தான்.

கையில் சூப்புக் கரண்டி இருந்தது. "இன்னொரு தடவ அந்த வார்த்தையச் சொன்னே, இந்தக் கரண்டியாலேயே உன் மண்டையில ஞானஸ்நானம் பண்ணிடுவேன்" என்றேன். சிரித்துக்கொண்டே போனான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

மூன்றாவது தடவை காய்ச்சும்போது வெறி பிடித்துவிட்டது எனக்கு. கோதுமையின் அளவை ஏற்றினேன். கை பொறுக்கும் சூட்டில் இரண்டு மடங்கு நேரம் விட்டேன். தொட்டியைக் குளிரக் குளிர வைத்தேன். பாட்டிலைத் திறந்ததும், பரிமாறுகிற அஃப்ரா மூக்கைச் சுளித்தாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. பல் டாக்டர்கிட்ட வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்கற மாதிரி இருக்கு."

"கிராம்பு தெரியுதா இல்லையா, அதச் சொல்லு."

"தெரியுதாவா? ஈறு மரத்துப்போச்சு."

சரி என்று நினைத்தேன். செத்த பிணத்துக்குக்கூட இந்தக் கிராம்பு தெரியும். கொண்டாங்கடா ஓட்மாரை.

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை. இந்த வருடத்தின் முதல் நல்ல வெயில். அதனால் மேசை முழுவதும் வெளியே தோட்டத்துக்கு வந்து கஷ்கொட்டை மரத்தடியில் உட்கார்ந்தது. காஸ்பர் திங்கட்கிழமை நகரத்துக் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆக, இதுதான் கடைசி. வெள்ளைச் சாஸேஜ் வெந்நீர்ச் சட்டியோடு வந்தது, தொட்டுக்கொள்ள இனிப்புக் கடுகு விழுது வந்தது, பிரெட்சல் ரொட்டி வந்தது. நான் கிளாஸ்களைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, சாய்த்துப் பிடித்து, மெதுவாக ஊற்றி, பாட்டிலின் அடியில் தங்கியதைச் சுழற்றிக் கடைசியாக விட்டேன். நுரை தொப்பி போல நின்றது. எல்லோரும் ஓட்மாரைப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வயல்காரன் வென்ட்லினின் டிராக்டர் வந்தது. பின்னால் மாட்டுச் சாணக் கரைசல் டாங்கி. மறுநாள் மழை என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள், அதற்குமுன் வயலில் தெளித்துவிடலாம் என்று அவனுக்கு அவசரம். குழாயைத் திறந்தான். காற்று நேரே எங்கள் பக்கம்.

வசந்தகாலத்தில் இது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் பத்தடி தூரத்தில், முகத்தில் அடிக்கிற மாதிரி யாரால் தாங்க முடியும்? கண்ணில் நீர் வந்துவிட்டது. "அடேய் வென்ட்லின்! உனக்கு வேற நேரமே கிடைக்கலையா!" என்று கத்திக்கொண்டே இக்னாஸ் சாஸேஜ் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான். காஸ்பர் தொப்பியால் மூக்கை மூடிக்கொண்டு ஓடினான். அரை நிமிடத்தில் தோட்டம் காலி.

ஓட்மார் மட்டும் உட்கார்ந்திருந்தார். சாஸேஜின் தோலை நிதானமாக உரித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்குச் சர்ச் மணி அடிப்பதற்குள் வெள்ளைச் சாஸேஜை முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் ஊர் முறை, மனுஷன் முறையை விடமாட்டேன் என்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏப்ரனால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் கிளாஸை எடுத்தார், வழக்கம்போல மூக்கை உள்ளே விட்டார், ஆழமாக இழுத்தார், குடித்தார்.

"இதுலயும் காணோமே, சென்ஸி" என்றார். பிறகு சுற்றிலும் பார்த்தார். "எல்லாரும் எங்க ஓடறாங்க? மழையா?"

வானத்தில் ஒரு மேகம் இல்லை.

நான் ஏப்ரனை இறக்கிவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். "மாமா, இங்க என்ன வாசனை அடிக்குது? சொல்லுங்க."

"என்ன வாசனை? வெயில் வாசனை."

"வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்க."

திரும்பினார். டாங்கியைப் பார்த்தார். வயலில் பழுப்பாக விசிறி அடிப்பதைப் பார்த்தார். கத்தியை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

"எப்பலேருந்து?" என்றேன்.

"கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு சளிக் காய்ச்சல் வந்துச்சுல்ல. அதோட போச்சு."

"அதோட போச்சா! போனதைச் சொல்றதுக்கென்ன? நான் ஈஸ்டக் கொட்டினேன். கோதுமைக்காரன வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். என் வாழ்க்கை போகுது இங்க! நீங்க உக்காந்துக்கிட்டு காணோம், காணோம், காணோம்னு..."

"உண்மையத்தானே சொன்னேன். எனக்குக் காணோம்."

அந்தக் கிளாஸை எடுத்து அவர் தலையில் ஊற்றலாமா என்று வந்தது. மனுஷன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "சொல்லிட்டா அந்த மேசையில நான் யாரு? சளி பிடிச்ச கிழவன். திரும்பி வந்துடும், வந்துடும்னு நெனச்சேன். காப்பி குடிச்சா வெந்நி. அலமாரியில வால்ட்ராவுட்டோட ஸ்வெட்டர் ஒண்ணு வெச்சிருக்கேன். அவ போனதுலேருந்து துவைக்கவே இல்ல. அதுல மூக்க வெச்சா, வெறும் கம்பளி குத்துது. அவ்வளவுதான்."

வால்ட்ராவுட் அவர் மனைவி. மனுஷன் மேல் பாவமாக இருந்தது, ஆனால் கோபமும் போகவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால் என்ன செய்வது?

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் ஓட்மார். "ஜனவரில நீ கிராம்பு இருக்குன்னு சொன்னே. உனக்கு மூக்கு நல்லாத்தானே இருந்துச்சு? அப்புறம் ஏன் என்னை நம்பினே?"

அந்தக் கேள்விதான் அன்றைக்கு எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரமூட்டியது. விருட்டென்று எழுந்து நிலவறைக்குப் போனேன். ஜனவரி பீரில் இரண்டு பெட்டி விற்காமல் குளிரில் கிடந்தது. அதில் ஒன்றைத் தூக்கிவந்து அவர் முன்னால் ஒரு பாட்டிலைத் திறந்தேன். டிராக்டர் வயலின் அந்தக் கோடிக்குப் போயிருந்தது. முடிந்த வரைக்கும் மூக்கைக் கிளாஸுக்குள் புதைத்துக்கொண்டேன்.

"கேட்டுக்கோங்க. முதல்ல பேக்கரி கதவைத் தொறந்த மாதிரி, வெந்த மாவு. அது கோதுமை. அதுக்கு மேல வாழைப்பழம், பழுத்தது இல்ல, தோல்ல இன்னும் பச்சை இருக்கே, அது. முந்தி இன்னும் கொஞ்சம் இருந்துச்சு, குளிர்ல கிடந்து இறங்கிடுச்சு. விழுங்கின பிறகு மூக்குக்குப் பின்னால கிராம்பு வருது. ஒண்ணே ஒண்ணு. பல் டாக்டர் இல்ல, கிறிஸ்துமஸ் கேக். கடைசியில எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு சுள். வாய் சுத்தமாயிடுது. அடுத்த மடக்கு கேக்குது. இதத்தான் நீங்க புளிச்ச தண்ணின்னீங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். "சுள்ளுன்னு இருக்கு" என்றார். "அது மட்டும் தெரியுது." இன்னொரு மடக்கு குடித்துவிட்டு எழுந்தார். "வா, உள்ள போவோம்."

உள்ளே எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு காத்திருந்தார்கள். நான் எது என்று சொல்லாமல் ஜனவரிப் பாட்டில்களைத் திறந்து புதுக் கிளாஸ்களில் ஊற்றினேன். ஓட்மார் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். குடித்தார்.

"முதல்ல வெந்த மாவு" என்றார். "அப்புறம் வாழைப்பழம், தோல்ல பச்சை இருக்கறது. விழுங்கின பிறகு கிராம்பு. கடைசியில எலுமிச்சைத் தோல்."

வார்த்தைக்கு வார்த்தை நான் சொன்னது. கிளாஸ்கள் எங்கள் ஊர் வழக்கப்படி அடிப்பக்கமாக ஒன்றோடொன்று டொங்கென்று மோதின. எல்லோரும் குடித்தார்கள்.

"வந்துடுச்சு!" என்று காஸ்பர் மேசையைத் தட்டினான். "அடேயப்பா, கிராம்பு வந்துடுச்சு!"

"அப்பவே சொன்னேன்ல, சென்ஸி மனசு வெச்சா முடியும்னு" என்றான் இக்னாஸ். "ஜனவரில ஒண்ணு கொண்டாந்தாளே, அது பீரா? சோப்புத் தண்ணி!"

"எலுமிச்சை பாரு, எலுமிச்சை" என்றான் இன்னொருவன்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். விழா கைக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஓட்மார் கிளாஸைக் கீழே வைத்தார்.

"இது ஜனவரி பீர்" என்றார்.

இக்னாஸ் கிளாஸைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"புரியலையா? நான் வேண்டாம்னு தள்ளினேனே, அதே பீர். கிறிஸ்துமஸ்லேருந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியல. இப்ப வெளியில சாணத்துக்கு நடுவுல உக்காந்து சாஸேஜ் தின்னேன். என் மூக்குதான் செத்துப்போச்சு. உங்களுக்கெல்லாம் என்னடா ஆச்சு?"

இக்னாஸ் தொண்டையைச் செருமினான். "உண்மையச் சொன்னா, எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். கிராம்பு லேசா இருக்கற மாதிரிதான்..."

"எனக்கும்" என்றான் காஸ்பர்.

"அப்பவே தெரிஞ்சா அப்பவே சொல்றதுக்கென்ன!" நான் போட்ட சத்தத்தில் அஃப்ரா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஓட்மார் சொன்னப்புறம் நாங்க எப்படி..." என்று இழுத்தான் காஸ்பர்.

நான் அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். ஆனால் தோட்டத்தில் கேட்ட கேள்வி ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். காஸ்பர் எழுந்து கையை நீட்டினான். "கூடாரத்துல உன் பீருதான் சென்ஸி. இதே பீர். எதையும் மாத்தாத." அவன் முகம் சிவந்திருந்தது. அவன் விரல் நோகிற மாதிரி நான் குலுக்கினேன்.

விழாவுக்குக் காய்ச்சியதில் முதல் பாட்டிலை மே மாதம் ஒரு சனிக்கிழமை திறந்தேன். ஈஸ்ட் என்னுடையது இல்லை, கடன் வாங்கியது. எங்கள் பழைய ஈஸ்ட் திரும்ப வராது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அதே மேசை, அதே ஆட்கள். கிளாஸ்களை வைத்த உடனே ஆளாளுக்கு எடுத்துக் குடித்துவிட்டு ஆளாளுக்குப் பேசினார்கள். ஒருவனுக்குப் பேரிக்காய் தெரிந்ததாம், இன்னொருவனுக்கு வனிலா. ஓட்மாருக்காக யாரும் காத்திருக்கவில்லை. அவர் நுரை அடங்குவதைப் பார்த்துக்கொண்டு, கிளாஸைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் கிளாஸை எடுத்து மோந்தேன்.

"மாவு சரியா இருக்கு. கிராம்பு அதோட இடத்துல இருக்கு. வாழைப்பழம் இன்னிக்குக் கொஞ்சம் தூக்கல்."

"தூக்கலா?" அவர் நிமிர்ந்தார். "இருக்காது. கிராம்பு குறைஞ்சிருக்கும், அதான் உனக்கு அப்படித் தெரியுது. நல்லா மோந்து பாரு."

மூக்கு போச்சு, வாய் போகவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. மேசை பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது.

"கிராம்பு குறையல. என் மூக்கு சொல்லுது" என்று கிளாஸை அவர் கையில் திணித்தேன். "குடிங்க மாமா."

அவர் குடித்தார்.